இரண்டரை நாழிகையில் ஆறாயிரம் உயிரணுக்கள்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நெருங்கி, ரத வீதிகளில் பழக்கடைகள் பெருகும் நாட்களில், அளவுக்கு மிஞ்சிக் கனிந்துவிட்ட வாழைத்தார்களைச் சுற்றிச் செங்கண் படைத்த சின்னஞ்சிறு ஈக்கள் மொய்ப்பதைக் காணாதவர் இல்லை. மாங்காயையும் பாகற்காயையும் துளைத்துப் புழு வைத்து விவசாயியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிற பழ ஈ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இது எவருக்கும் பெருந்தீங்கு செய்யாத சாது. ட்ரோசோஃபிலா என்று விஞ்ஞானிகள் அழைக்கும் இந்த அற்ப ஜந்து, 1910-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கொலம்பியா சர்வகலாசாலையில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்பவர் வெண்ணிறக் கண் கொண்ட ஓர் ஆண் ஈயைக் கண்டெடுத்தது முதலாக, பாரம்பரியத்தைப் பற்றி மனிதன் அறிந்தவற்றுள் பெரும்பகுதிக்கு ஆதாரமாக இருந்து வருகிறது. பள்ளிப் பாடத்தில் இதன் கண் நிறத்தோடு நின்றுவிட்டவர்களுக்கு, இதன் முட்டைக்குள் முதல் மூன்று மணி நேரத்தில் நிகழும் காரியம் அதைக் காட்டிலும் விசேஷமானது என்றே சொல்வேன்.

சாதாரணமாக ஒரு கரு வளருகையில், உயிரணு ஒன்று இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிய, ஒவ்வொரு பிரிவின்போதும் நடுவே ஒரு சவ்வு எழும்பி இரண்டையும் வேறாக்கிவிடும். ஈயின் முட்டையிலோ, ஆகஸ்ட் வைஸ்மன் போன்ற ஜெர்மானியப் பண்டிதர்கள் 1860-களிலேயே கூர்ந்து நோக்கியபடி, இந்த நியதி செல்லுபடியாவதில்லை. அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள அம்முட்டைக்குள் உட்கரு மட்டும் ஏறத்தாழ எட்டு, ஒன்பது நிமிஷத்துக்கொரு முறை இரட்டித்துக்கொண்டு போகிறது. பாதி வழியில் உட்கருக்கள் மேற்பரப்பை நோக்கி நகர்ந்து ஓரமாக அணிவகுத்து நிற்கின்றன. பின்முனையில் சில மட்டும் முந்திக்கொண்டு, அடுத்த தலைமுறைக்கு வித்தாகும் தனி உயிரணுக்களாகிவிடுகின்றன. பதின்மூன்று சுற்றுகள் முடிந்த பின் ஒரே சவ்வின் அடியில், இடையே தடுப்பு ஏதுமின்றி, சுமார் 6,000 உட்கருக்கள் இருக்கும். அப்போதுதான் இரட்டிப்பு நின்று, மேற்பரப்புச் சவ்வு எல்லா உட்கருக்களுக்கும் இடையே ஒரே சமயத்தில் மடிந்து கீழிறங்கத் தலைப்படுகிறது. 25 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம், அதாவது நம் பழைய கணக்கில் இரண்டரை நாழிகை, முடிவதற்குள் ஆறாயிரம் தனித்தனி உயிரணுக்கள் உண்டாகிவிடுகின்றன. முற்பகுதியில் மெதுவாகவும் பிற்பகுதியில் வேகமாகவும் இறங்கும் இந்தச் சவ்வின் பரப்பு இருபது மடங்குக்கு மேல் பெருகியாக வேண்டும். உள்ளே சேமித்திருந்த சவ்வுப் பொட்டலங்களிலிருந்தும், மேற்பரப்பில் மடிப்பு மடிப்பாய்ச் சுருங்கிக் கிடந்த பகுதிகள் விரிவதாலும் அது கிடைக்கிறது என்று இப்போது அறிகிறோம்.

இவ்வளவு பெரிய கட்டுமானத்துக்கு ஆணை பிறப்பிப்பவர் யார்? பெரும்பாலும் தாய்தான். தாய் ஈ முட்டையை உருவாக்கும்போதே வேண்டிய புரதங்களையும், அவற்றை ஆக்குவதற்கான செய்திகளையும் உள்ளே நிரப்பி வைத்துவிடுகிறாள். அப்படியானால் கருவின் சொந்த மரபணுக்களுக்கு அங்கே வேலை ஏதும் உண்டா என்ற வினாவை, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் எரிக் வீஷாஸும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டு, 1988-இல் அதற்கு அழகானதொரு விடையை வெளியிட்டனர். (அவருக்கு 1995-இல் கிடைத்த நோபல் பரிசு, கருவின் உடற்கண்டங்களைப் பற்றிய முந்தைய ஆராய்ச்சிக்கானது.) மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பார்ப்பதற்குப் பதிலாக, குரோமோசோமின் பெரும்பெரும் துண்டுகளே இல்லாத கருக்களை உண்டாக்கி, அவற்றில் எவை சுவர் எழுப்பத் தவறுகின்றன என்று நோக்கினர். ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருங்கே இழந்த கருக்களும் பெரும்பாலும் பழுதின்றி உயிரணுக்களை ஆக்கிக்கொண்டன. விரல்விட்டு எண்ணத்தக்க சில பகுதிகள் போனால் மட்டுமே காரியம் கெட்டது. எதை எடுத்துவிட்டாலும் குறையில்லை என்று பொறுமையாகக் காட்டிக்கொண்டே வந்து, எஞ்சியதன் மேல் விரல் வைக்கும் இந்த முறையின் நயம், பின்னால் வந்த எத்தனையோ நவீன யந்திரங்களின் ஆரவாரத்தில் மங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அவ்வாறு அகப்பட்டவற்றுள் எக்ஸ் குரோமோசோமில் உள்ள நல்லோ என்னும் மரபணு முக்கியமானது. இறங்கும் சவ்வின் அடிநுனிகளை ஆக்டின், மயோசின் என்ற புரத இழைகள் முட்டை முழுவதும் ஓர் அறுகோண வலையாகப் பிணைத்திருக்கின்றன. நல்லோ இல்லாத கருவில் இவ்வலை ஆங்காங்கே அறுபட்டு, அவ்விடங்களில் சவ்வு இறங்காமல், இரண்டு மூன்று உட்கருக்கள் ஒரே அறைக்குள் சிக்கிக்கொள்கின்றன. மூன்றாம் குரோமோசோமில் உள்ள பாட்டில்நெக் என்பதன் கதை இதற்கு நேர்மாறு. அது இல்லாவிடில் வலை அறுவதில்லை. உரிய காலத்துக்கு முன்பே இறுகி, உட்கருக்களின் கழுத்தை நெரித்துவிடுகிறது. இறக்கம் முடிந்த பிறகு, நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தாற்போல் அடிவாயை மூட வேண்டிய அதே வளையம், பாதியில் இழுபட்டுவிடுவதுதான் கேடு. இரண்டாம் குரோமோசோமைச் சேர்ந்த ஸ்லாம், சவ்வு வளர்வதற்கே இன்றியமையாதது என்பது 2002-இல் தெளிவாயிற்று.

நல்லோவும் பாட்டில்நெக்கும் அந்த ஒரு மணி நேரத்தின் தொடக்கத்தில் திடீரென்று தோன்றி, பாதிக்குப் பின் மறைந்துவிடுகின்றன. நல்லோவை மறையவிடாமல் நீட்டித்துப் பார்த்த 2000-ஆம் ஆண்டுப் பரிசோதனையில், அண்டை உயிரணுக்களை மேற்புறத்தில் இணைக்க வேண்டிய பிணைப்புகள் சரிவர அமையவில்லை. சுவர் எழுப்பும் சரக்கெல்லாம் தாய் வைத்துச் சென்றிருக்க, கருவின் சொந்தப் பங்கு, எந்த க்ஷணத்தில் பிடித்து நிறுத்துவது, எப்போது விடுவது என்ற காலக் கணக்கிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

நம் தேசத்தில் ஈ ஆராய்ச்சிக்கு மைசூரிலும் காசியிலும் நீண்ட பரம்பரை உண்டு. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஒபைத் சித்திகி 1962-இல் தொடங்கிய மூலக்கூறு உயிரியல் பிரிவு அதற்கு வேறொரு திசையைக் காட்டிற்று. அங்கே கே. எஸ். கிருஷ்ணனோடு, சூடேறினால் முடங்கிப்போகும் ஷிபிரே என்ற ஈயை ஒட்டிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ரிச்சா ரிக்கி, இன்று புனேயிலுள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் கருச்சவ்வை ஆராய்கிறார். இந்த மாற்றம் தற்செயலானதன்று. ஷிபிரேயில் பழுதுபடும் புரதம் சவ்வுத் துணுக்குகளைக் கிள்ளி உள்ளே அனுப்புவது, அது நரம்பு முனைக்கும் வேண்டும், கருவில் எழும் சுவருக்கும் வேண்டும். 2009-இல் அவர் அமெரிக்காவில் மாவ்ராகிஸ், லிப்பின்காட்-ஷ்வார்ட்ஸ் ஆகியோருடன் வெளியிட்ட ஆய்வு, தடுப்பே இல்லாத நிலையிலும் ஓர் உட்கருவின் மேலுள்ள சவ்வின் மூலக்கூறுகள் அடுத்த உட்கருவின் எல்லைக்குள் எளிதில் கலப்பதில்லை என்று காட்டிற்று. சுவர் வருவதற்கு முன்பே வரம்பு வகுக்கப்பட்டாயிற்று.

புனேயிலிருந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு கிராஃப் என்னும் புரதத்தைப் பற்றியது. மயோசினை இழுக்கத் தூண்டும் ரோ என்ற புரதத்தை இது தணிக்கிறது. இறக்கத்தின் முற்பகுதியில் சவ்வின் அடிநுனியில் வந்து அமர்ந்து, வளையம் சுருங்க வேண்டிய பருவத்தில் அவ்விடத்தைவிட்டு அகன்றுவிடுகிறது. இதை நீக்கினால் வளையங்கள் மிகையாக இறுகின, மிகுதியாக்கினால் சுருங்க மறுத்தன. பாட்டில்நெக்கும் கிராஃபும் விலகி அடிவாய் மூடிய சில நிமிஷங்களுக்குள், கருவின் வயிற்றுப்புறத்து உயிரணுக்கள் உள்நோக்கி மடிந்து, பின்னால் தசையாகப்போகும் அடுக்கை உண்டாக்கத் தொடங்குகின்றன. அதற்கும் இதே ஆக்டினும் மயோசினுமே கருவிகள். ஆனால் இம்முறை அவை உயிரணுவின் அடியில் அல்லாமல் மேல்முனையில் நின்று இழுக்கின்றன.