சட்டவியலின் பொருளும் எல்லையும்: 1976ஆம் ஆண்டின் ஆட்கொணர்வு வழக்கை முன்வைத்து

பெயரும் பொருளும்

ஜூரிஸ்புருடென்ஸ் என்னும் சொல், சட்டம் பற்றிய அறிவு எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து பிறந்தது. தமிழில் அதனைச் சட்டவியல் என்பாரும் நீதியியல் என்பாரும் உளர். இரண்டும் ஒன்றையே சுட்டுவனபோலத் தோன்றினும், துறையின் எல்லை குறித்த இரு வேறு நிலைப்பாடுகளை அவை தம்முள் கொண்டுள்ளன. நடப்பிலுள்ள சட்டத்தை ஆராய்வதே பணி என்கிறது முதற்பெயர். அச்சட்டம் நீதிக்கு இயைந்ததா என வினவுவதும் பணியே என்கிறது மற்றது.

குற்றவியல் சட்டமும் ஒப்பந்தச் சட்டமும் ஒரு நாட்டின் விதிகளைக் கற்பிப்பன. சட்டவியலோ தனி விதி எதனையும் கற்பிப்பதில்லை. விதி என்பது யாது, அது எதனால் செல்லுபடியாகிறது, உரிமை எங்கிருந்து பிறக்கிறது என்பனவே அதன் வினாக்கள்.

எல்லை பற்றிய வாதம்

ஜான் ஆஸ்டின் 1832இல் வெளியிட்ட நூல், துறையின் எல்லையை வரையறுப்பதையே தலைப்பாகக் கொண்டது. இறையாண்மை உடையோர் தண்டனை அச்சத்துடன் இடும் ஆணையே சட்டம். அது நன்றா தீதா என்பது வேறு வினா என்றார் அவர். அறவியல், அரசியல் கலப்பின்றிச் சட்டத்தை ஆராயும் தூய கோட்பாட்டை 1934இல் ஹான்ஸ் கெல்சன் முன்வைத்தார். நாஜி ஆட்சியின் அனுபவத்திற்குப்பின், தாங்கவொண்ணா அநீதி சட்டமாகும் தகுதியை இழக்கும் என 1946இல் குஸ்தாவ் ராட்புரூக் வாதிட்டார். 1958இல் ஹார்ட்டும் ஃபுல்லரும் நிகழ்த்திய விவாதம் இதன் தொடர்ச்சியே.

பாடநூல் மரபு இவற்றைத் தனித்தனிக் கோட்பாடுகளாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் நிறைகுறைகளை அடுக்குவதோடு நின்றுவிடுகிறது. ஒரு மனிதனின் விடுதலை இவ்வாதத்தைச் சார்ந்திருக்கக்கூடும் என்பது அவ்வரிசையில் புலப்படுவதில்லை.

1976ஆம் ஆண்டின் தீர்ப்பு

நெருக்கடிநிலையின்போது, அரசமைப்பின் 14, 21, 22ஆம் உறுப்புகளைச் செயற்படுத்துமாறு நீதிமன்றத்தை அணுகும் உரிமையை 1975 ஜூன் 27ஆம் நாளைய குடியரசுத் தலைவர் ஆணை நிறுத்திவைத்தது. மிசா சட்டத்தின்கீழ்ச் சிறைப்பட்டோர் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய இயலுமா என்பதே ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா வழக்கின் வினா. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் நால்வர் இயலாது என்றனர், எச்.ஆர்.கன்னா ஒருவர் மாறுபட்டார். உயிர்க்கும் விடுதலைக்கும் 21ஆம் உறுப்பே ஒரே உறைவிடம் என்பது பெரும்பான்மையின் அடிப்படை. அவ்வுறுப்பு இல்லாவிடினும் சட்டத்தின் அதிகாரமின்றி ஒருவரது உயிரையோ விடுதலையையோ பறிக்க அரசுக்கு ஆற்றலில்லை என்பது கன்னாவின் நிலைப்பாடு.

பெரும்பான்மைத் தீர்ப்பை ஆஸ்டின் மரபின் விளைவு என்றும், கன்னாவின் தீர்ப்பை இயற்கைச் சட்டத்தின் குரல் என்றும் வகைப்படுத்துவது எளிது, அது முழுமையன்று. கன்னா வெறும் அறவுணர்வை மட்டும் சார்ந்து நிற்கவில்லை. அரசமைப்புக்கு முன்பே சட்டத்தின் ஆட்சி என்னும் நெறி நிலவியதையும், சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் நிபந்தனைகள் அதிகாரிகளைத் தொடர்ந்து கட்டுப்படுத்துவதையும் அவர் சுட்டினார். இவை நடைமுறையில் ஏற்கப்பட்ட சட்ட மூலங்களே. எது சட்டம் என அடையாளம் காட்டும் விதியைப் பற்றி 1961இல் விரிவாக எழுதிய ஹார்ட்டின் நோக்கிலும் அவற்றைப் புறக்கணித்தல் அரிது. ஆகவே பெரும்பான்மையின் குறை, சட்டத்தை அறத்தினின்று பிரித்தது மட்டுமன்று. சட்டத்தின் மூலங்களை ஒரே உறுப்பாகச் சுருக்கியதுமாகும்.

1978இன் 44ஆவது திருத்தம், 20, 21ஆம் உறுப்புகளை நெருக்கடிநிலையிலும் நிறுத்திவைக்க இயலாதவாறு ஆக்கியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பை நிராகரித்தது. ஆயினும் 1977இல் தலைமை நீதிபதிப் பதவிக்குக் கன்னா புறக்கணிக்கப்பட்டுப் பதவி விலகியிருந்தார்; சிறைப்பட்டோர் இழந்த காலமும் மீளவில்லை.

முடிவுரை

சட்டத்தையும் நீதியையும் ஒன்றெனக் கொண்டால் தீய சட்டத்தைச் சுட்டிக் குறைகூற இடமிராது. முற்றிலும் வேறெனக் கொண்டால் குறைகூறுவதற்கு அளவுகோல் இராது. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள உறவே சட்டவியலின் உரிய ஆய்வுப்பொருள். அதற்குத் தமிழில் எப்பெயர் நிலைபெறினும், மற்றப் பெயர் எழுப்பும் வினாவைப் பாடத்திட்டத்தினின்று நீக்காதிருத்தல் வேண்டும்.