படக்கதை இதழ் நிறைவும் கையறுநிலையும்

தலைவன் மாய்ந்தவிடத்து, அவனால் புரக்கப்பட்டோர் செயலற்று இரங்கிக் கூறுவது கையறுநிலை. தொல்காப்பியப் புறத்திணையியல் இத்துறையைச் சுட்டுகின்றது. பாரி மாய்ந்தபின் கபிலர் பாடியவை இதற்குச் சிறந்த சான்றுகளாகப் புறநானூற்றில் விளங்குகின்றன. விரும்பிப் படித்த படக்கதை இதழொன்று நின்றபோது வாசகர் கூறும் பிரிவுரைகளை இத்துறையோடு ஒப்பிடுதல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ராணி காமிக்ஸைச் சான்றாகக் கொள்வோம். தினத்தந்தி நிறுவனத்தாரால் 1984 ஜூலையில் தொடங்கப்பெற்ற இவ்விதழ், 500 இதழ்களோடு 2005-இல் நின்றது. தொடக்கத்தில் ஜேம்ஸ் பாண்ட் கதைகளால் பெயர்பெற்ற இதில், 1990 முதல் முகமூடி வீரர் மாயாவி முதன்மை பெற்றார். இவர் அமெரிக்கரான லீ ஃபாக் 1936-இல் செய்தித்தாள் தொடராகத் தொடங்கிய ‘பேண்டம்’ ஆவார். இந்தியாவில் 1964 முதல் இவர் கதைகளை வெளியிட்டு வந்த இந்திரஜால் காமிக்ஸும் 1990-இல்தான் நின்றது.

மாயாவிக்கு மனித ஆற்றலுக்கு மேற்பட்ட ஆற்றல் ஏதும் இல்லை. தந்தைக்குப்பின் மகன் அதே உடையும் முகமூடியும் பூண்டு வருதலின், கானகத்து மக்கள் அவரைச் சாவற்றவர் என நம்புகின்றனர். கதைத்தலைவர் அம்மரபில் 21-ஆம் தலைமுறையினர். ஆள் மாயினும் பெயர் மாயாது என்பதே இக்கதையின் உயிர்நிலை. இத்தகைய கதை தன்னுள்ளிருந்து முடிவு பெறுதல் அரிது. 2005-இல் நிகழ்ந்ததும் கதைமுடிவன்று, இதழின் நிறைவே. ஆங்கிலத்தில் அத்தொடர் இன்றும் வருகின்றது.

அங்ஙனமாயின், தலைவன் மாயாதிருக்க இரங்கல் எதன்பொருட்டு என வினவலாம். இதற்கு விடை பெயரில் உள்ளது. ராணி வாசகர்க்கு மாயாவி என்பார் முகமூடி வீரரே. முத்து காமிக்ஸ் வாசகர்க்கோ, அப்பெயர் 1972-இல் அவ்விதழின் முதல் வெளியீட்டில் தோன்றிய இரும்புக்கை மாயாவியைக் குறிக்கும். முகமூடி வீரரை அவர்கள் வேதாளர் என்றே அறிவர். ஓவியம் ஒன்றேயாயினும் பெயரும் பேச்சும் வேறுபடவே, ஆளும் வேறாகின்றார். தமிழ் வாசகர் பழகியது தமிழ் பேசிய மாயாவியோடு. 2005-இல் முடிந்தது ஓர் அயல்நாட்டுத் தொடரன்று, ஒரு தமிழாக்கமே என்பது இதனால் பெறப்படும். ஆதலின் அவ்விரக்கம் சிறுபிள்ளைத்தனம் எனத் தள்ளத்தக்கதன்று.

உதகையின் காந்தல் பகுதியில் யாம் உரையாடிய வாசகர் சிலர், கதைநிகழ்ச்சிகளினும் மிகுதியாகக் கடைவாயிலில் இதழ் தொங்கிய கயிற்றையும், இரவல் தந்த தோழரையும், அட்டை கிழிந்தபின் தாமே தைத்த தொகுப்பையும் எடுத்துரைத்தனர். பாரியைப் பாடிய கபிலர் பறம்பின் வளத்தையும் பாடினார் அன்றோ? இழந்த பொருளை அது விளங்கிய இடத்தோடு சேர்த்து நினைத்தல் இரண்டிற்கும் பொதுவாகும்.

எனினும் வேறுபாடு இரண்டு உள. பாரி மீண்டிலன், முகமூடி வீரரோ வேதாளர் என்னும் பெயரோடு முத்து காமிக்ஸ் வழி மீண்டும் வாசகரை அடைந்தார். ஆதலின் இங்கு இழப்பு முழுமையன்று. மற்றொன்று குறைபாடாகும். கையறுநிலை பாடிய புலவர், தமக்கு வழங்கியவன் இன்னான் என அறிந்து பெயர்சொல்லி இரங்கினர். யாம் கேட்ட பிரிவுரைகளுள் ஒன்றிலேனும் மாயாவிக்குத் தமிழ் தந்த மொழிபெயர்ப்பாளரின் பெயர் இடம்பெறவில்லை. ஓவியரை அறிவர், கதையாசிரியரை அறிவர், தாம் நாள்தோறும் சுவைத்த சொற்களை அமைத்தாரை அறியார்.

இக்குறை வாசகரோடு நிற்பதன்று. படக்கதையை இலக்கியமெனக் கருதாது ஒதுக்கிய ஆய்வாளர்க்கும் உரியது. மலிவுத்தாளில் அச்சான இதழ்கள் நாளும் பொடிந்து வருகின்றன. அவற்றின் ஆக்கத்தை நேரில் அறிந்தோரும் முதுமை எய்திவருகின்றனர். தமிழ்த்துறைகள் இதழ்களைத் தொகுத்தலோடு, அவற்றைத் தமிழாக்கியோர் பெயரையும் இப்பொழுதே கேட்டுப் பதிவுசெய்தல் வேண்டும். வழங்கியவன் பெயர் அறியாத இரங்கல் பாதி இரங்கலே.