கடாரம் கொண்ட கதையும் கலம் வனைந்தோர் கதையும்

கடாரத்தைப் பற்றி எழுதப் புகும் தமிழர் பெரும்பாலும் இராசேந்திர சோழனிலிருந்தே தொடங்குகின்றனர். அவனோடேயே முடித்தும் விடுகின்றனர். பீடோங்கிலிருந்து மெர்போக் செல்லும் வழியில் சுங்கை பத்துவையும் பூஜாங் பள்ளத்தாக்கையும் கண்டு வந்தோர் எழுதும் பயணக் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். தொடக்கத்தில் ஜெராய் மலை. நடுவில் 1025-ஆம் ஆண்டின் சோழக் கப்பற்படை. இறுதியில், நம் முன்னோர் ஆண்ட மண் இது என்றொரு பெருமூச்சு. இடையே மெர்போக்கில் 1980-இல் திறக்கப்பட்ட தொல்பொருட்காட்சிச் சாலை ஒரு வரியில் வந்து போகும். அங்கே பேழைகளுள் வைத்திருக்கும் உடைந்த பானையோடுகளைப் பற்றி ஒரு சொல்லும் இராது. இவ்வகை எழுத்தின் குறை யாது, அதனால் நாம் இழப்பது யாது என்று ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

மத்தியதரைக் கடலோரத்திலும் பழம்பெருமை வாய்ந்த ஊர்கள் உள. இத்தாலியில் சலேர்னோவை அடுத்த வியெத்ரியும், துனீசியாவின் நபேலும் மட்கலத்தால் பெயர் பெற்ற கடற்கரை ஊர்கள். அவ்வூர்களைக் காணச் செல்வோர் குயவர் கூடத்தையும் சூளையையும் தேடிச் செல்கின்றனர். அக்கடற்கரைகளையும் மன்னர் பலர் ஆண்டனர். படைகள் வந்தன, போயின. ஆயினும் ஊருக்குப் பெயர் தந்தவர் களிமண்ணைப் பிசைந்தவரே என்பதைப் பயணி மறப்பதில்லை. நம் பயணியோ ஓட்டைக் கடந்து சென்று, அங்கே இல்லாத வாளைத் தேடுகிறார்.

அவர் கடந்து சென்ற ஓடுகள் எத்தகையவை? குவாரிட்சு வேல்சும் அவர் மனைவியாரும் 1936-37-இல் இப்பள்ளத்தாக்கை அகழ்ந்தது முதலாக வெளிவந்த செய்திகளைத் தொகுத்துப் பார்ப்போம். கோத்தா கோலா மூடாவை அடுத்த சுங்கை மாசில் 9, 10-ஆம் நூற்றாண்டுகளின் சீனக் கலவோடுகளும், மேற்காசியாவின் நீலப்பச்சை மெருகிட்ட கலவோடுகளும் கிடைத்தன. பெங்காலான் பூஜாங்கில் சோங், யுவான் காலத்துச் சீன ஓடுகள், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகள், மணிகள் ஆகியவை குவியலாகக் கிடைத்தன. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழ்வில் இரும்புருக்கிய உலைகளும், துருத்திக் காற்றை உலைக்குட் செலுத்திய சுடுமண் குழாய்களும் ஏராளமாக வெளிப்பட்டன. அக்குழாய்கள் ஒவ்வொன்றும் ஒருவர் கையால் உருட்டிச் சுட்ட மண்ணே யாகும்.

இவற்றை நோக்குங்கால் விளங்குவது யாது? கடாரம் ஒரு படையெடுப்பால் பிறந்த ஊரன்று. ஒரு படையெடுப்பால் முடிந்த ஊருமன்று. சீனரும் அரபியரும் தமிழரும் மலாய் மக்களும் பல நூற்றாண்டுகள் கலந்து பழகிய சந்தை அது. சோழரோடு கொண்ட உறவிலும் போர் முந்தியதன்று. லெய்டன் செப்பேட்டைப் பாருங்கள். 1025-க்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுப்பித்தான். அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். நட்பும் வாணிபமும் முன்னே, படை பின்னே. இந்த வரிசையை மறைத்துப் படையை மட்டும் பாடுவது சரித்திரமாகாது, தற்புகழ்ச்சியே ஆகும்.

இப்பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? பண்டை இலக்கியத்திலிருந்து என்று கூறுதல் பொருந்தாது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பண்டங்களை அடுக்கும்போது காழகத்துப் பொருளையும் சேர்க்கிறது. காழகம் என்பது கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை கூறுகிறது. ஆண்டுப் பேசப்படுவது சரக்கு, கொள்ளையன்று. புறநானூற்றின் 228-ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் இறந்தபோது, அவன் புகழுக்கேற்ற தாழியை எங்ஙனம் வனையப் போகிறாய் என்று குயவனை அழைத்தே வினவுகிறார். வேந்தன் மறைந்த வேளையிற் புலவர் கண்ணுக்குப் பட்டவர் குயவர்!

நம் காலத்துச் சரித்திர நாவல்களே கண்ணை வேறு திசையில் திருப்பின. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்', சாண்டில்யனின் 'கடல் புறா' ஆகியவை விறுவிறுப்பாகப் படிக்கத்தக்கவை. ஆனால் அவற்றின் விசை வீரத்திலும் காதலிலும் சூழ்ச்சியிலும் நிற்கிறது. கற்பனைக்கு அவ்வுரிமை உண்டு. கட்டுரையாளர் அக்கற்பனையைக் கையேடாகக் கொண்டு நிலத்தைப் பார்க்க வருவதே குற்றம். கடாரம் என்னும் சொல்லுக்குக் கொப்பரை, பெருங்கலம் என்றும் தமிழிற் பொருளுண்டு. அச்சொல்லை ஓயாது உச்சரித்தும் கலத்தைக் காணாதிருப்பதை என்னென்பது!

'உடைந்த ஓட்டில் என்ன சரித்திரம்?' என்று வினவுவார் உளர். அரிக்கமேட்டை நினைவூட்டுவோம். 1945-இல் வீலர் ஆண்டு அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெட்சோவில் செய்த செங்கலங்களும் மத்தியதரைக் கடல் நாடுகளின் இருகைப்பிடிச் சாடிகளும் கிடைத்தன. அந்த ஓடுகளைக் கொண்டே பிற மட்கலங்களுக்கும் காலம் கணிக்க வழி பிறந்தது. அங்கேயே உட்புறத்தில் புள்ளிக்கோலம் இட்ட ஒருவகைத் தட்டும் கிடைத்தது. அதுவும் மேனாட்டுச் சரக்கென்றே முதலில் எண்ணினர். பிற்கால ஆராய்ச்சி களிமண்ணின் கூறுகளைப் பகுத்து நோக்கி, அது இந்திய மண்ணிற் செய்ததே என்று காட்டிற்று. அதே வகை ஓடுகள் சாவகத்திலும் பாலித் தீவிலும் கிடைத்துள்ளன. அறிஞர் கருத்தையும் திருத்தும் வன்மை ஓட்டுக்கு உண்டு. பெருமிதத்திற்கு அவ்வன்மை இல்லை.

இன்னுமொன்று. எகிப்தின் செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓடொன்றில், உறியிலிட்ட பானை என்று பொருள்படும் தமிழ் எழுத்து பழைய பிராமி வடிவிற் கீறப்பட்டிருந்தது; 2007-இல் அச்செய்தி வெளியாயிற்று. தாய்லாந்தின் பூ காவ் தோங்கில் கிடைத்த ஓட்டிலும் தமிழ்ப் பிராமி எழுத்துண்டு. செங்கடல் முதல் கடாரக் கடல் வரை நம் எழுத்தைச் சுமந்து சென்றவை பானைகள். அவற்றில் எழுதியவர் மன்னரல்லர். தம் பொருள் தொலையலாகாதென்று கவலையுற்ற எளியோர்.

பீடோங் தோட்டங்களில் வாழ்ந்த மக்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. ரப்பர் மரந்தோறும் பால் ஏந்திய மங்கை எண்ணிப் பாருங்கள். மெருகிட்ட அம்மண் மங்குகளைச் சிங்கப்பூரின் ஜூரோங்கில் சீனக் குயவர் நாகச் சூளைகளிற் சுட்டனர். அவற்றைத் துடைத்துக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வாழ்நாளைக் கழித்தோர் தமிழ்ப் பெண்டிர். நாளை இம்மண்ணை அகழ்வோருக்கு அவர்களைப் பற்றிச் சான்று கூறப் போவது அந்த மங்கின் ஓடே. கோலா சிலாங்கூர்ப் பகுதியில் இன்றும் தமிழ்க் குயவர் பொங்கற் பானையும் அகலும் வனைகின்றனர். தையில் அவர் பானையை வாங்கும் நாம், அவர் தொழிலைக் குறித்து எத்தனை கட்டுரை எழுதியுள்ளோம்?

பெயரற்ற பொருளைப் புறக்கணிப்பதன் விலை சிறிதன்று. 2013-இல் இப்பள்ளத்தாக்கின் 11-ஆம் எண்ணிட்ட சண்டி, அஃதாவது பழங்கோயிலின் அடித்தளம், நிலத்தைத் திருத்தும் வேலையில் இடித்துத் தள்ளப்பட்டது. இடிந்தபின் எழுந்த கண்டனம் பெரிது. ஆனால் இடியுமுன் அதன் செங்கல்லை எண்ணி, வரைந்து, பிள்ளைகளுக்குக் காட்டி எழுதியவர் நம்முள் எத்தனை பேர்? வெற்றி முழக்கம் ஒரு செங்கல்லையும் காவாது. கண்டறிந்து எழுதிய விவரமே, பொருள் அழிந்தாலும் அதன் நினைவைக் காக்கும்.

ஆகவே கடாரம் காணச் செல்லும் எழுத்தாளருக்கு நாம் கூறுவது இதுவே. சோழனை விட்டுவிடுக என்கிலோம். அவனுக்கு உரிய ஒரு பத்தியை அளியுங்கள். மீதியை ஓட்டுக்கும் உலைக்கும் கொடுங்கள். இது எந்த மண், எவ்வூர்ச் சூளை, எச்சரக்கைச் சுமந்தது என்று ஒவ்வோர் ஓட்டின் முன்னும் நின்று கேளுங்கள். விடை கிடைத்த அளவே எழுதுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அதைப் படிக்குமாயின், தன் பாட்டன் ஆண்டான் என்று இறுமாவாது. உழைத்தவர் கையால் உலகம் இணைந்ததென்று அறியும்.