சைக்ளோட்ரான்: பாடம் நின்றுவிடும் இடம்

நிலையான காந்தப்புலத்தில் துகள்களைச் சுற்றவிட்டு, அரைச்சுற்றுக்கு ஒருமுறை மின்னழுத்தத்தால் உந்தும் கருவியே சைக்ளோட்ரான். வேகம் மிகுந்தால் துகளின் நிறை கூடும், சுற்றும் நேரம் நீளும், உந்துதல் தவறும். ஆகவே இக்கருவிக்கு எல்லை உண்டு என்று நம் பாடநூல்கள் பல முடித்துவிடுகின்றன. நானும் வகுப்பில் அப்படியே சொல்லி வந்தவன்தான்!

வாசகர்களே, பாதிக்கதை அது. விளிம்பை நோக்கிப் புலத்தை வலுவாக்கினால் சுற்றும் நேரம் மாறாது. ஆனால் துகள்கள் மேலும் கீழும் சிதறும். அதற்கும் 1938இல் எல். எச். தாமஸ் வழி சொன்னார்: காந்தமுனையை மேடும் பள்ளமுமாக அமைத்தால், மாறி மாறி வரும் புலம் துகள்களை நடுத்தளத்துக்கே திருப்பும். இம்முறையில் 1974இல் சுவிட்சர்லாந்தில் புரோட்டான்கள் 590 மெகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டின. கொல்கத்தாவில் 1977இல் இயங்கத் தொடங்கியதும் இவ்வகையே. பாடநூல் படத்திலோ காந்தமுனைகள் இன்னும் தட்டையாகவே இருக்கின்றன.