கிராமத்து மெட்டும் கோடம்பாக்கத்து நொட்டேஷனும்

நம் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார், தட்ட முடியவில்லை. மாமா மகாதேவன் – புகழேந்தி வழி, மெல்லிசை மன்னர்கள் வழி, ஜி.கே.வெங்கடேஷ் வழி பற்றியெல்லாம் நம் உறுப்பினர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிராமத்து மெட்டு மாமாவிடமே தாராளமாக உண்டு. ஆனாலும் 1976 மே மாதம் 'அன்னக்கிளி' வந்த பிறகு அதன் மவுசே வேறு.

இளையராஜாவின் மெட்டுகளை முதலில் கேட்டு மயங்கிய பஞ்சு அருணாசலம், அவற்றுக்குத் தோதாக ஆர்.செல்வராஜின் கதையைப் பிடித்தார். ஏற்கெனவே ஒரு ஏ.எம்.ராஜா இருந்ததால், ராஜாவுக்கு முன்னால் 'இளைய' சேர்த்ததும் அவரே. முதல் ரெக்கார்டிங் அன்று கரண்ட் போனது ஊரறிந்த கதை. கரண்ட் வந்த பிறகு வாசித்தவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

'மச்சானைப் பார்த்தீங்களா' பாட்டில் ஜானகி அம்மாவின் குரல் களத்துமேட்டில் நிற்கிறது. பின்னால் வரும் ஃபிடில்கள் தாளில் எழுதியதைப் பிசகாமல் வாசிக்கின்றன. அண்ணன் பாவலர் வரதராசனோடு ராஜா மேடை மேடையாக அலைந்ததில் வந்தது மெட்டு. எழுத்து வந்தது மயிலாப்பூரில், எங்கள் தன்ராஜ் மாஸ்டரிடம். அதே மாஸ்டரிடம் பிற்பாடு ரஹ்மானும் படித்தார். என் பள்ளி என்பதால் ஒரு பிடி கூடவே சொல்கிறேன் என்றாலும் சரி: கைக்கு வந்ததை வாசிக்காதே, எழுதியதை வாசி என்பதே அந்தப் பள்ளி.

இன்று? யார் மனதையும் புண்படுத்த எழுதவில்லை, திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஆனால் கிராமத்துப் பாட்டு என்றால் கம்ப்யூட்டரில் ஒரு உறுமி லூப்பை ஓடவிடுகிறார்கள். பாட்டு முடியும்வரை அதே நான்கு பார். சரணத்தில் தாளம் இறங்க வேண்டாமா? மூச்சுவிட இடம் வேண்டாமா? உறுமிக்காரருக்கு ஒரு கால்ஷீட் கொடுத்தால் குடி முழுகிவிடுமா? அண்மையில் ஒரு இளைஞரிடம் நொட்டேஷன் தாளை நீட்டினேன். "ஆடியோவா அனுப்பிடுங்க சார்" என்கிறார். கோரஸ் என்பது ஒரே குரலை எட்டு முறை அடுக்குவதாகிவிட்டது. கேன்டீனில்கூட வாத்தியக்காரர் முகம் காணோம். ஸ்ருதி சேர்க்கும் சத்தம் கேட்காத ஊரைக் கோடம்பாக்கம் என்று எப்படிச் சொல்வது?

தலைவருக்கும் மூத்த உறுப்பினர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஞாயிறு காலையில் சங்கக் கூடம் சும்மாதான் கிடக்கிறது. அங்கே நொட்டேஷன் வகுப்பு தொடங்குங்கள். சம்பளம் வேண்டாம், நானே வந்து சொல்லித் தருகிறேன்.