பாம்பின் தலையும் கம்பெனியின் கையும்

1906 நவம்பர் 28-இல் இலண்டன் ‘பஞ்ச்’ இதழில் லின்லி சாம்போர்ன் வரைந்த கருத்துப்படம் ஒன்று வெளிவந்தது. கொங்கோ நாட்டு உழைப்பாளி ஒருவனை ரப்பர்க் கொடியே பாம்பாகிச் சுற்றி நெரிக்கிறது. பாம்பின் தலையோ பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தலை. காட்டைக் கம்பெனிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, அங்கு வாழ்ந்த மக்களை இலாபத்துக்கு இரையாக்கிய ஆட்சியைப் பக்கம் பக்கமான அறிக்கைகளைவிட வேகமாக அது அம்பலப்படுத்தியது.

இப்படத்தின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஆனால் திம்புள்ள மலைச்சரிவில் நின்று பார்ப்போருக்கு வேறொன்றும் தெரிகிறது. அதைக் கண்டு வருந்திய ஆங்கிலக் கனவானின் மேசையில் இலங்கைத் தேநீரின் ஆவி எழுந்துகொண்டிருந்திருக்கும். பிறநாட்டு மன்னனின் பாம்பு அவர் கண்ணுக்குப் பட்டது. தம் கோப்பைக்குள் கிடந்தது படவில்லை.

இங்கு நடந்தது என்ன? 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்கு உரியவை என்றது. கண்டிக் குடியானவன் சேனைப் பயிர் செய்த காட்டுக்கு, மாடு மேய்த்த புல்வெளிக்கு உறுதி எங்கே இருந்தது? ஏக்கர் ஐந்து சில்லிங்குக்கு நிலம் விற்கப்பட்டது. வாங்கியோர் வரிசையில் ஆளுநரும் உயர் அதிகாரிகளும் நின்றனர். காடு வீழ்ந்தது, கோப்பி வந்தது. 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியைத் தின்றபின் தேயிலை வந்தது. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டனர். இதில் எந்த மிருகமும் இல்லை. ஒரு மேசை, ஒரு பத்திரம், ஒரு கையெழுத்து!

இதனாற்றான் 1904-இல் அமெரிக்க ‘பக்’ இதழில் உடோ கெப்ளர் வரைந்த ஸ்டாண்டர்ட் ஆயில் ஆக்டோபஸும் நமக்கு முழு நிறைவு தருவதில்லை. கம்பெனிக்கு முகமில்லை என்ற உண்மையை அது உணர்ந்தது. எனினும் சுரண்டலை இயற்கையின் பிறவிபோல் காட்டிவிட்டது.

கருத்துப்படத்தின் உண்மையான எதிரி விளம்பரப் படமே. 1890-இல் இங்கு தோட்டங்களை வாங்கிய லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குடத்துக்கு என்று முழங்கினார். எத்துணை சாமர்த்தியம்! தோட்டத்துக்கும் குடத்துக்கும் இடையே லயமில்லை, பிரட்டுக்களமில்லை, கங்காணியில்லை. பெட்டிமீது பச்சைமலையும் கூடை சுமந்து புன்னகைக்கும் பெண்ணும் மட்டுமே. அப்பச்சைக்கு முன் அங்கே நின்ற காட்டை யார் நினைப்பார்?

தமிழில் இக்கலைக்கு மரபு இல்லாமலில்லை. பாரதியின் ‘இந்தியா’ கருத்துப்படங்களை வெளியிட்டது. 1963-இல் ‘சிரித்திரன்’ கண்ட சிவஞானசுந்தரம், சவாரித் தம்பர் போன்ற சாதாரண மனிதர்களைச் சித்திரத்தில் நடமாடவிட்டார். மலையகத்தின் நிலக்கதை இன்னும் அத்தகைய தூரிகைக்குக் காத்திருக்கிறது என்பதே நம் கருத்து.

1972, 1975 நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992-இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் போயிற்று. துரைகளின் நிறம் மாறியது, லயம் மாறவில்லை. இருந்தும் முதலாளியை வரையுங்கள் என்றால் நம் வகுப்பு மாணவர் இன்றும் தொப்பி அணிந்த வெள்ளைத் துரையையே வரைகின்றனர். ஒரு மாணவி மட்டும் தராசை வரைந்தாள். தட்டில் கொழுந்து, கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவைக் கழிக்கும் ஒரு கை, கைக்கு உடலில்லை. விரலில் மோதிரம் ஒன்று போட்டிருந்தாள். அது வேண்டியதில்லை என்றோம், அவள் ஒப்பவில்லை.