ஒரு நோயாளிக்கு ஒரு வண்டி, ஒரு குப்பத்துக்கு?

2004 டிசம்பர் 26 காலையில் சென்னைக்குத் தெற்கே, கோவளத்தை ஒட்டிய இந்தக் கரையோரத்துக் குப்பங்களில் சுனாமி புகுந்தபோது, கூப்பிடுவதற்கு 108 என்ற ஆம்புலன்ஸ் எண் தமிழ்நாட்டில் இல்லை. அது 2008 செப்டம்பரில்தான் வந்தது. இன்று கோவளத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் வண்டி வருகிறது. ஆனால் குப்பம் முழுவதும் ஒரே நேரத்தில் உதவி கேட்டால் என்ன ஆகும்?

முதலில் இந்த ஏற்பாட்டின் நிறைகள். கட்டணம் இல்லை, எண் ஒன்றே. மாநிலம் முழுவதற்கும் கட்டுப்பாட்டு அறை இருப்பதால், பாதிப்பு இல்லாத மாவட்டத்து வண்டிகளையும் இங்கே திருப்ப முடியும். அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்துப் பார்க்கும் முறை, யாரை முதலில் காப்பது என்ற குழப்பத்தைக் குறைக்கிறது. எல்லாவற்றையும்விட மேலானது, புயலுக்கு முன்பே நிறைமாதக் கர்ப்பிணிகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம். ஆபத்து வருமுன்பே வேலையைத் தொடங்கும் அறிவு அதில் இருக்கிறது.

குறை அடித்தளத்திலேயே உள்ளது. அழைப்பு வந்தால் வண்டி கிளம்பும், ஏற்பாடு அவ்வளவுதான். புயலில் கைப்பேசிக் கோபுரம் செயலிழந்தால் அழைப்பே வராது. அதிகம் அடிபட்ட ஊர்தான் அதிகம் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தையே அபாயக் குறியாகப் படிக்க வேண்டும். பாதையும் அப்படித்தான், எளிதில் அடைபடும். கோவளத்திலிருந்து வடக்கே போக முட்டுக்காட்டுப் பாலம், மேற்கே கேளம்பாக்கம் போக உப்பங்கழிப் பாலம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அதுபோன்ற இரவில் மரம் விழுந்து கிழக்குக் கடற்கரைச் சாலை அடைபட்டால், நல்ல வண்டியும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்னொரு குறை, பேரிடரைக் காயங்களின் தொகையாக மட்டும் பார்ப்பது. சுனாமியில் மாண்டவர்களே அதிகம்; பலத்த காயத்தோடு மீண்டவர்கள் குறைவு. மீண்டவர்களுக்கு வேண்டியிருந்தது இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை, பயமில்லாத தூக்கம். வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, மூன்று நாள் சாலை அடைப்பே உயிராபத்து.

முதலில் கை கொடுப்பவர்கள் பக்கத்து வீட்டார்தான். 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் மீனவர்கள் தங்கள் படகுகளோடு போய் மக்களை மீட்டார்கள். அவர்களை வெறும் தன்னார்வலர்களாக எண்ணாமல், மருத்துவச் சேவையின் முதல் கண்ணியாக ஏற்க வேண்டும். குப்பத்துக்குப் பத்துப் பேருக்கு முதலுதவிப் பயிற்சி, ஃபைபர் படகில் வைக்க ஒரு ஸ்ட்ரெச்சர், கிராமச் செவிலியர் கையில் டயாலிசிஸ், இன்சுலின் நோயாளிகளின் பட்டியல், கோபுரம் விழுந்தாலும் பேச ஒரு வயர்லெஸ். இவை பெரிய செலவல்ல. ஆனால் வண்டி வந்து சேரும் வரையிலான அந்த நேரத்தில், உயிர் இவற்றின் கையில்தான் இருக்கிறது.